முதல்ல சாப்பிடு

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் யாராவது கொண்டுபோய் அவரிடம் காட்டுவார்கள். அவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்துவிட்டு, எனக்குப் போன் போட்டு, "எழுதினதெல்லாம் இருக்கட்டும், சாப்பிட்டியா?" என்பார். ஆமாம் என்றால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். இல்லை என்றால் தொலைந்தேன். ஆகவே அக்கா என்றே வைத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டோம், அவரைவிட நாலு வயது மூத்த லோரி டிரைவர் சேகர் அண்ணன் உட்பட.

பாசிர் கூடாங்கில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய கடைவீட்டு மாடியில் அக்காவின் அலுவலகம். கப்பலில் வரும் கண்டெய்னர்களுக்குச் சுங்கத்துறை ஃபாரம் எழுதி, சரக்கை வெளியே எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். முதலாளி அவர்தான். சிம்பாங் ரெங்கத்திலிருந்து பஸ் ஏறி, சான்றிதழ் ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நேர்முகத்துக்குப் போன அன்று, அவர் அந்த ஃபைலைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மணி பன்னெண்டே கால் ஆச்சு. காலையில என்ன சாப்பிட்டே?" என்றார்.

ரொட்டி என்றேன்.

"வெறும் ரொட்டியா? அலமாக்!" என்று நெஞ்சில் கை வைத்தார். டிபன் கேரியரைத் திறந்து, மேசை மேலிருந்த ஃபாரங்களை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, எனக்கு ஒரு தட்டில் சோறும் இறால் சம்பலும் வைத்தார். அன்று அவர் அதற்குமேல் கேட்ட ஒரே கேள்வி, "காரம் தாங்குவியா?" என்பதுதான். சம்பளம் எவ்வளவு, ஞாயிற்றுக்கிழமை லீவு உண்டா என்று பஸ்ஸில் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்தவை எல்லாம் இறாலோடு உள்ளே போய்விட்டன. தட்டைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பி வந்தபோது நான் வேலையில் சேர்ந்திருந்தேன்.

"முதல்ல சாப்பிடு. அப்புறம் பேசலாம்." இதுதான் அக்காவின் வேதவாக்கு. அந்த அப்புறம் ஒருநாளும் வராது என்பது எனக்குப் புரிவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

சேகர் அண்ணன் ஒரு தடவை கொதித்துப்போய் வந்தார். மூன்று ஞாயிறு விடாமல் லோரி ஓட்டியாகிவிட்டது, நாலாவது ஞாயிறும் போ என்று அக்கா சொல்லிவிட்டார். "இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று எங்களிடம் சவால் விட்டுவிட்டு அக்காவின் அறைக்குள் போனார். நாங்கள் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தமே இல்லை. இருபது நிமிடம் கழித்து, நெற்றியெல்லாம் வியர்வையோடு, ஏப்பம் விட்டபடி வெளியே வந்தார்.

"ஆட்டெலும்பு சூப்பு" என்றார்.

"ஞாயித்துக்கிழமை என்ன ஆச்சு அண்ணே?"

"போகணும்தான் லா. அந்த சூப்பைக் குடிச்சிட்டு எந்த வாயால முடியாதுன்னு சொல்றது?"

சிரித்தோம். ஆனால் எனக்கு யோசனை ஓடியது. கதவைப் பூட்டி வைத்தால் உடைத்துக்கொண்டு ஓடலாம். சூப்பு கொடுத்து உட்கார வைத்தால் எதை உடைப்பது?

அக்கா நல்லவரா கெட்டவரா என்று கேட்காதீர்கள். எனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தபோது, மாசாயில் நான் வாடகைக்கு இருந்த நாலாவது மாடி அறைக்கு, லிஃப்ட் இல்லாத அந்த வீட்டுக்கு, கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு தினம் இரண்டு வேளை கஞ்சி கொண்டு வந்தார். பப்பாளி இலைச் சாற்றை என் மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார். என் அம்மா ஊரிலிருந்து வந்து சேர்வதற்குள் என் தலையைத் துடைத்துச் சடை பின்னிவிட்டிருந்தார். என்னைப் பெற்றவளே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்றாம் நாள் கஞ்சிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபைலும் இருந்தது.

"அவசரமில்லைம்மா. கஞ்சியைக் குடிச்சிட்டு, முடிஞ்சா ஒரு பார்வை பாரு."

காய்ச்சலோடு இரண்டு கண்டெய்னருக்கு ஃபாரம் எழுதினேன். கோபம் வராமல் இல்லை. காலிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கோபத்தை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த வருஷம் கோலாலம்பூரில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. விஷயத்தைச் சொல்லிவிடலாமென்று அக்காவின் அறைக்குப் போனேன். அவருக்குச் சொந்த ஊர் மூவார். அன்றைக்குப் பார்த்து அங்கிருந்து யாரோ ஒத்தாக்-ஒத்தாக் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஓலையில் சுருட்டிச் சுட்ட மீன், இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அக்காவே ஓலையைப் பிரித்துப் பிரித்து என் கையில் வைத்தார். எட்டுத் துண்டு தின்றேன். எட்டாவது துண்டோடு கோலாலம்பூர் போயே போய்விட்டது.

இரண்டு வருஷம் கழித்து சிங்கப்பூரில், துவாஸ் பக்கம், ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். இதே வேலை, இரட்டைச் சம்பளம், சனி ஞாயிறு லீவு. ஜனவரி பத்தாம் தேதிக்குள் சேரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஒரு மாத நோட்டீஸ் என்று கணக்குப் போட்டால், டிசம்பரில் அந்தச் சனிக்கிழமை நான் கடிதத்தைக் கொடுத்தே ஆகவேண்டும். முதல்நாள் அம்மா போனில் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு மூளை இருக்கா? பொண்ணு பார்க்கப் போற வீட்டுல, பேச்சு முடியாம நம்ம ஆளுங்க கை நனைப்பாங்களா? ஒரு வாய் சோறு சாப்பிட்டாலும் சம்மதம்னு ஆயிடும்னுதானே எழுந்து வந்துடறாங்க? நீயும் அப்படியே செய். கடுதாசியைக் கையில கொடுக்கிற வரைக்கும் அந்தம்மா கொடுக்கிற பச்சைத் தண்ணியக்கூடத் தொடாதே. சொல்லிட்டேன்."

இது எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். சனிக்கிழமை காலையிலேயே கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். பதினோரு மணிக்கு அக்கா என் மேசைக்கு வந்தார்.

"விமலா, பேக்கை எடு. நாடகம் பார்த்துப் பார்த்து எச்சில் ஊறுவியே, அந்தக் கொரியாக்காரன் கடைக்குப் போறோம். நீயும் நானும் மட்டும்தான்."

நான் எப்போதோ மத்தியானத்தில் கொரிய நாடகம் ஒன்றைப் போனில் பார்த்துக்கொண்டே, இதையெல்லாம் ஒருநாள் சாப்பிட்டுப் பார்க்கணும் என்று சொன்னது. ஆறேழு மாதம் இருக்கும். அதை ஞாபகம் வைத்திருக்கிறார். அதைவிட, இன்றைக்குப் பார்த்துக் கூப்பிடுகிறார். மோப்பம் பிடித்துவிட்டாரோ என்று எனக்குப் பக்கென்றது.

மவுண்ட் ஆஸ்டினில் அப்போது பெயர் பெற்றுவந்த கடை அது. நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு வெளியே ஐம்பது நிமிடம் நின்றோம். உள்ளே போனால் காதைக் கிழிக்கிற பாட்டு, சுவரெல்லாம் பளிச்பளிச்சென்று விளக்கு எழுத்து, யார் நுழைந்தாலும் வேலை செய்பவர்கள் கொரிய மொழியில் ஒரே குரலாகக் கத்தி வரவேற்கிறார்கள். ஒவ்வொரு மேசையின் நடுவிலும் அடுப்பு. கூரையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு புகைக்குழாய், யானைத் தும்பிக்கை மாதிரி இறங்கியிருந்தது. என்னைச் சுவரோரம் உள்ளே போகச் சொன்னார் அக்கா. அரிசி மூட்டை கணக்காக இருக்கும் தம் கைப்பையை எனக்குப் பக்கத்து இடத்தில் வைத்து, அதன்மேல் குடையையும் இரண்டு ஃபைலையும் அடுக்கிவிட்டு, எதிரில் உட்கார்ந்தார். நான் எழுந்து போகவேண்டுமானால் அத்தனையையும் அவர்தான் எடுக்கவேண்டும்.

கை துடைக்க ஈரத் துண்டு கொடுத்தார்கள். இது கை நனைத்த கணக்கில் சேருமா சேராதா என்று ஒரு கணம் குழம்பிப்போய், அதைத் தொடாமலே தள்ளி வைத்தேன்.

அடுப்பின் மேலிருந்த தட்டில் முன்பு மாட்டுக்கறி சுட்டீர்களா என்று அக்கா மலாயில் விசாரித்தார். இல்லை, கழுவிய தட்டுதான் என்று பரிமாற வந்த பெண் சொன்ன பிறகும் வேறு தட்டு மாற்ற வைத்தார். கோழியும் பன்றியும் வந்தன. கூடவே குட்டிக் குட்டிக் கிண்ணங்களில் ஒன்பது வகைத் தொட்டுக்கை. தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள், அதற்குக் காசில்லை என்று தெரிந்ததும் அக்காவுக்கு முகமெல்லாம் பல்.

"இந்தக் கொரியாக்காரன் நம்ம ஆளும்மா!"

கறியைச் சுட்டுக் கொடுப்பது அந்தக் கடையில் வேலை செய்பவர்களின் பொறுப்பு. அந்தப் பெண் இடுக்கியை எடுக்கும்போதே, "தாப்பா லா, சாயா புவாட்", பரவாயில்லை நானே செய்கிறேன், என்று அக்கா அதை வாங்கிக்கொண்டார். இனி அவர் ராஜ்ஜியம்.

"அக்கா, உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

"முதல்ல சாப்பிடு."

"இல்லக்கா, சாப்பிடறதுக்கு முன்னாடியே..."

"ஆறிப்போனா ரப்பராட்டம் ஆயிடும்மா. அப்புறம் பேசலாம்."

என் தட்டில் கறி குவிந்துகொண்டே போனது. நெய் சொட்டுகிறது, வாசனை தூக்குகிறது. காலையிலிருந்து நான் பட்டினி. கைப்பைக்குள் கடிதத்தின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் கை வைக்காததை அக்கா கவனித்தார். கூச்சப்படுகிறாள் போல என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டு, ஒரு பச்சை இலையை உள்ளங்கையில் விரித்தார். அதில் கறி வைத்து, பூண்டு வைத்து, சிவப்புச் சாந்தைத் தடவி, பொட்டலமாகச் சுருட்டினார்.

"நானும் நாடகம் பார்க்கிறேன்ல? இப்படித்தான் ஊட்டணும். ஆ காட்டு."

மேசைக்கு மேலே எட்டி என் வாய்க்கு நேரே நீட்டினார். பக்கத்து மேசையில் இருந்த இரண்டு சீனப் பெண்கள் பார்த்துவிட்டு, போனில் படம் பிடித்தபடி "ஸோ ஸ்வீட்" என்றார்கள். பின்னால் சுவர், பக்கத்தில் மூட்டை, முன்னால் அடுப்பு, உதட்டில் கவளம்.

மூடிய வாய்க்குள்ளிருந்தே, "விரதம்" என்றேன்.

சத்தியமாக, அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியாது. அக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

"இன்னிக்கு சனிக்கிழமை. புரட்டாசியும் முடிஞ்சுபோச்சு. என்ன விரதம்?"

"வேண்டுதல்க்கா. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கிறதா..."

அக்கா மற்றக் கை விரல்களை மடக்கி எண்ணினார். என் கெட்ட நேரம், கணக்கு கச்சிதமாக வந்தது. "நாப்பத்தெட்டு நாள். சரியா இன்னிக்குத்தான் ஆரம்பம்!" பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "முருகா, விரதக்காரி வாய்ல கறியை நீட்டிட்டேனே! முன்னாடியே சொல்றதுக்கு என்னடி?" என் தட்டைச் சட்டென்று தம் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த நிமிடமே முகம் மலர்ந்துவிட்டது. "நானும் உன்கூட எடுக்கிறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே நடப்போம். ஆமா, எதுக்கு வேண்டிக்கிட்டே? கல்யாணத்துக்கா? அப்பா முட்டி வலிக்கா?"

ஒரு பொய்யை முருகன் தலையில் கட்டியாகிவிட்டது. அதற்குமேல் இன்னொன்றைக் கட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"வேற வேலை கிடைக்கணும்னு, அக்கா."

இடுக்கி நின்றது. இலைக்காக அறுத்த பூண்டை ஏதோ முக்கியமான பொருள் போல அக்கா பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிடைச்சிருச்சா?"

"கிடைச்சிருச்சு. சிங்கப்பூர்ல."

கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அடுப்புத் தட்டில் கறி கருகிப் புகை கிளம்பியது. அவர் கையில் இடுக்கி இருக்கும்போது எதுவும் கருகி நான் பார்த்ததில்லை. ஃபாரம் படிப்பது போலவே விரல் வைத்து, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தார்.

"ஏம்மா, கேட்டா விடமாட்டேனா? நான் என்ன பேயா, பிசாசா?"

அந்த இடத்தில்தான் எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"எங்கக்கா கேட்க விட்டீங்க? வாயைத் திறந்தாலே சோத்தை வைக்கிறீங்க! இத்தனை வருஷமா நான் பேச வந்ததையெல்லாம் முழுங்கிட்டு முழுங்கிட்டுத்தானே திரும்பிப் போனேன்? காய்ச்சல்ல செத்துக்கிட்டுக் கிடந்தேன், கஞ்சிக்குப் பக்கத்துல ஃபைலை வச்சீங்களே!"

சீனப் பெண்கள் போனைக் கீழே வைத்துவிட்டார்கள். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுப்புச் சூட்டில் வியர்த்ததா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

"பிள்ளைங்க ரெண்டு பேரும் மெல்பர்ன் போய்ப் பதினோரு வருஷம் ஆச்சும்மா. ஒரு ஆளுக்குன்னு அடுப்புப் பத்த வைக்க மனசே வரமாட்டேங்குது. உங்களுக்கெல்லாம் சமைக்கப் போய்த்தான் நானும் ஒரு வாய் சாப்பிடறேன்."

இதுவும் அவர் நீட்டுகிற இன்னொரு கவளம்தான், முழுங்கிவிடாதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒன்று சொன்னது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இரண்டுமே பொய்யில்லை.

அக்கா பேனாவை எடுத்தார். "உனக்கு லீவு ஒன்பது நாள் மிச்சம் இருக்கு. அதைக் கழிக்காம தேதி போட்டிருக்கே. இத்தனை வருஷம் ஃபாரம் எழுதி என்னத்தைக் கத்துக்கிட்டே?" என்று கடைசித் தேதியை அடித்து, ஒன்பது நாள் முன்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, அடுப்புத் தட்டை மறுபடி மாற்றச் சொல்லி, காளானும் பூசணியும் கொண்டுவரச் சொன்னார். கிம்ச்சி என்ற கோஸ் ஊறுகாயில் மீன் கலப்பார்களா என்று விசாரித்து, அந்தக் கிண்ணத்தையும் என் பக்கத்திலிருந்து அகற்றினார்.

மாதக்கணக்கில் கனவு கண்ட கடையில் நான் வெறும் சோறும் முளைப்பயிறும் காளானும் சாப்பிட்டேன். அக்காவும் அதையேதான் சாப்பிட்டார். அவரும் விரதம் ஆரம்பித்துவிட்டாரே! சுட்ட கறி முழுவதும் சேகர் அண்ணனுக்குப் பொட்டலமாகப் போனது.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். சிங்கப்பூரில் சேர்ந்த முதல் வாரம், கேண்டீனில் கோழிச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கரண்டியைத் தூக்குகிறேன், போனில் அக்காவின் செய்தி. "பால்குடத்துக்கு உன் பேரையும் கொடுத்துட்டேன். விரதம் ஒழுங்கா இருக்கியா? சாப்பிட்டியா?" கோழியைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றேன். வேண்டாத வேண்டுதலுக்காக லீவு போட்டு, விடியற்காலையில் எல்லைப் பாலம் தாண்டி வந்து, மஞ்சள் புடவை கட்டிப் பால்குடம் சுமந்தேன். சரி, ஒரு தடவையோடு ஒழிந்தது என்று இருந்தேன். அடுத்த வருஷமும் பேர் கொடுத்துவிட்டார்.

அந்த இரண்டாவது தைப்பூசத்தில் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். பாலை ஊற்றிவிட்டு அன்னதானப் பந்தலுக்கு வந்தோம். நான் கால் கழுவிக்கொண்டு வருவதற்குள், பரிமாறிக்கொண்டிருந்தவரிடமிருந்து அக்கா கரண்டியைப் பிடுங்கி, சாம்பார் வாளிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். வரிசையில் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அக்கா, நான் எடுத்தது என் வேண்டுதலுக்கு. நீங்க எதுக்கு எடுக்கிறீங்க?"

"நீ திரும்பி வரணும்னுதான். மூணு வருஷம் எடுக்கிறதா அந்தக் கொரியாக்காரன் கடையிலேயே வேண்டிக்கிட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. என் சிங்கப்பூர் வேலை பர்மிட்டைப் புதுப்பிக்க வேண்டியது அடுத்து வரும் அந்த மூன்றாவது வருஷம்தான். வேண்டிக்கொள்ளாத எனக்கே வேலையைக் கொடுத்த முருகன், வெறுங்காலோடு நடந்து மனமுருகி வேண்டுகிற இந்த மனுஷிக்குக் கொடுக்காமலா இருப்பான்?

"அக்கா, அன்னிக்குக் கடையில நான் சொன்னது... நான் வேண்டிக்கவே..."

பின்னால் வரிசை முட்டித் தள்ளியது. அக்கா கரண்டி நிறைய மொண்டு என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"முதல்ல சாப்பிடு விமலா. அப்புறம் பேசலாம்."

நான் தட்டை நீட்டினேன்.